வாய்ப்புண் எல்லாம் கதிரியக்கத்தால் வருவதல்ல

மலேசியாவில் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, வாய்ப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுகிறது. வெற்றிலை பாக்குடன் புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்நோய்க்கு ஆளானவர்களில் பலர், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கதிரியக்கச் சிகிச்சையும் பெற வேண்டியுள்ளது. இது வாரத்திற்கு 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரங்கள் நீடிக்கும்.

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய் சிவந்து புண்ணாவது வழக்கம். கதிர்கள் புற்றணுக்களோடு, வாயின் உட்புறச் சவ்வில் உள்ள நல்ல அணுக்களையும் தாக்குவதே இதற்குக் காரணம். “சிகிச்சை என்றால் இப்படித்தான்” என்று நோயாளியும் குடும்பத்தாரும் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சிலருக்கு அந்தப் புண்ணோடு வைரஸ் கிருமியும் சேர்ந்திருக்கலாம்.

உதட்டோரம் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் பெரும்பாலும் சிறு வயதிலேயே உடலுக்குள் புகுந்துவிடுகிறது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 விழுக்காட்டினரிடம் இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டுள்ளது. நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கும் இக்கிருமி, நோய் எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்துக்கொள்கிறது. கதிரியக்கத்தோடு கீமோதெரப்பியும் பெறுவோருக்கு இந்த அபாயம் அதிகம். கிருமி சேர்ந்துகொண்டால் புண்ணும் வலியும் கூடும், ஆறவும் நாளாகும்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? கதிரியக்கப் புண் பெரும்பாலும் கதிர் படும் இடத்திலேயே இருக்கும். உதடு, ஈறு, மேலண்ணம் என அதற்கு வெளியேயும் சிறு சிறு புண்கள் கூட்டமாகத் தோன்றினாலோ, திடீரென வலி கடுமையானாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரியைச் சோதித்தால் கிருமி தெரிந்துவிடும்.

வைரஸ் என்று உறுதியானால் அசைக்லோவிர் போன்ற மருந்துகள் பலன் தரும். கதிரியக்கத்தால் மட்டும் வந்த புண்ணை இம்மருந்து ஆற்றாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இதன் அளவைக் குறைக்க வேண்டும். ஆகவே மருந்துக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடுவது கூடாது.

வலியால் உணவு இறங்காமல், உடல் எடை குறைந்து, சிகிச்சை பாதியில் தடைபடுவதுதான் பெரிய ஆபத்து. இடைவெளி விழுந்தால், எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருக அவகாசம் கிடைத்துவிடும். ஒவ்வொரு நாள் சிகிச்சைக்குச் செல்லும்போதும் வாயில் கண்ட மாற்றத்தை மறைக்காமல் சொல்வது, குணமாகும் வாய்ப்பைக் காத்துக்கொள்ளும் வழியாகும்.