எல்லாரும் மதராசிதானா?

வடக்கே குடியேறிய நம்மில் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. தமிழரும் மலையாளியும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றுதான், இருவருமே 'மதராசி'. நம்மிடம் வேறுபாடு இல்லாமல் இல்லை. அதைக் காட்டும் பெட்டி அவரிடம் இல்லை, அவ்வளவுதான். இதே சங்கதியை இடத்தியல் என்னும் கணிதப் பிரிவு மிக நுட்பமாக ஆராய்கிறது.

இடத்தியலில் ஒரு 'வெளி' என்பது சில புள்ளிகளும், 'திறந்த கணங்கள்' என்று குறிக்கப்பட்ட கூட்டங்களின் பட்டியலும் சேர்ந்தது. தமிழர், மலையாளி, பஞ்சாபி என மூன்று புள்ளிகள் இருக்கட்டும். வெற்றுக் கணம், தமிழரும் மலையாளியும் சேர்ந்த கணம், மூவரும் அடங்கிய கணம் ஆகிய மூன்று மட்டுமே திறந்தவை எனக் கொள்வோம். இவற்றை வைத்துக்கொண்டு தமிழரையும் மலையாளியையும் பிரிக்க முடியாது.

எவ்வளவு பிரிக்க முடியும் என்பதற்குப் படிகள் உண்டு. இரு புள்ளிகளில் ஏதேனும் ஒன்றை மட்டும் கொண்ட திறந்த கணம் இருந்தால் டி-0. ஒவ்வொன்றுக்கும் மற்றதை விலக்கும் திறந்த கணம் இருந்தால் டி-1. ஒன்றையொன்று தொடாத இரு திறந்த கணங்களில் இரண்டையும் தனித்தனியே வைக்க முடிந்தால் டி-2. இந்தக் கடைசி நிபந்தனையை ஹவுஸ்டார்ஃப் 1914இல் வெளியிட்ட நூலில் வகுத்தார். 'டி' என்பது, பிரித்தல் எனப் பொருள்படும் 'ட்ரென்னுங்' என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து.

டி-0 இல்லாத வெளியைச் சீராக்க எளிய வழி, பிரிக்க முடியாத புள்ளிகளை ஒன்றாக்கிவிடுவது. நம் உதாரணத்தில் இரண்டு புள்ளிகள் மிஞ்சும். இதில் வியப்பு என்னவென்றால், வெளிகளோடு அவற்றுக்கு இடையேயான தொடர்ச்சியான சார்புகளும் சிதையாமல் உடன் வருகின்றன. ஏன்? சென்று சேர்ந்த இடத்தில் இரு புள்ளிகளை ஒரு திறந்த கணம் பிரித்தால், அதன் முன்பிம்பம் புறப்பட்ட இடத்திலும் அவற்றைப் பிரித்திருக்கும். ஆகவே பிரிக்க முடியாதவை பிரிக்க முடியாதவற்றுக்கே போய்ச் சேரும். வெளிகளையும் சார்புகளையும், சார்புகள் அடுத்தடுத்து இணையும் முறையையும் இப்படிக் காப்பாற்றிக் கொண்டுசெல்லும் விதிக்கு 'ஃபங்டர்' என்று பெயர். ஐலன்பர்கும் மக்லேனும் 1945இல் இக்கோட்பாட்டை விரிவாக எழுதினர்.

டி-0 இணைப்பில் திறந்த கணங்களின் அமைப்பு அப்படியே இருக்கும். டி-2 ஆக்கும் ஃபங்டர் அப்படியல்ல. எண்கோட்டில் ஒரு பூச்சியத்துக்குப் பதில் இரண்டு பூச்சியங்களை வைத்துப் பாருங்கள். 1, 1/2, 1/3 என்ற தொடர் இரண்டையுமே நெருங்கும். பூச்சியங்கள் வேறுவேறு என்று காட்டத் திறந்த கணங்கள் உண்டு. ஆனால் ஒன்றையொன்று தொடாத ஜோடி கிடையாது. டி-2 ஆக்கும்போது இரண்டும் ஒன்றாகி, சாதாரண எண்கோடு திரும்புகிறது. எல்லை ஒன்றே என்ற நிம்மதி கிடைக்கிறது. உண்மையாகவே இருந்த ஒரு வேறுபாடு போய்விடுகிறது.

கணிதம் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: 'மதராசி' என்று நம்மைச் சேர்க்கும்போது நடப்பது முதல் வகை இணைப்பா, இரண்டாம் வகையா? அவருடைய பட்டியலை வைத்துப் பார்த்தால் இழப்பே இல்லை. நம்முடைய பட்டியலை வைத்துப் பார்த்தால்தான் இழப்பு தெரியும்.