அளவறிந்து பூட்டுதல்



மோட்டார் வண்டி வைத்திருப்போர் அதன் சிறு பழுதுகளைத் தம் கையாலேயே திருத்திக்கொள்ள விரும்புவது இயல்பு. பணச் சிக்கனம் ஒரு காரணம். நள்ளிரவில், ஆளரவமற்ற பாதையில் ரயர் காற்றுப் போய்விட்டால் எந்தக் கராச்சும் திறந்திராது என்பது மற்றொரு காரணம். இத்தகைய வேலைகளிற் பெரும்பாலானவற்றுக்கு முதலில் வேண்டப்படும் கருவி சொக்கெற் ஆகும். போல்ட்டின் தலையையோ நட்டையோ உள்ளடக்கிப் பிடித்துத் திருகும் உருக்குக் குழல் அது. பார்ப்பதற்கு எளிய கருவிதான். ஆயினும் அதைத் தெரிவதிற் பிழை நேர்ந்தால், பத்து நிமிட வேலை பத்து நாள் வேலையாகிவிடும். அது எவ்வாறு என்பதை இன்று பார்ப்போம்.

போல்ட்டின் தலை பெரும்பாலும் ஆறு பக்கங்களும் ஆறு மூலைகளும் கொண்டது. அதற்குச் சற்றே பெரிய சொக்கெற்றை மாட்டித் திருகினால், விசை பக்கங்களிற் பரவாமல் மூலைகளின் மேலேயே விழுகின்றது. இறுகிய போல்ட்டாயின் மூலைகள் மழுங்கிவிடும். மழுங்கிய தலையை அதற்குரிய சரியான சொக்கெற்றும் பின்னர்ப் பற்றமாட்டாது. வெட்டியோ துளைத்தோ அகற்ற வேண்டிய நிலை வந்துவிடும்.

ஆகவே அளவு என்பது எதன் அளவு என்று முதலில் அறிதல் வேண்டும். மில்லிமீற்றர்ச் சொக்கெற்றில் 12 என்று பொறித்திருந்தால், அது போல்ட்டின் தண்டினுடைய பருமன் அன்று. தலையின் எதிரெதிரான இரு பக்கங்களுக்கும் இடையிலுள்ள தூரம். எட்டு மில்லிமீற்றர்த் தண்டுடைய போல்ட்டுக்கு யப்பானிய வண்டிகளிற் பொதுவாக 12 மில்லிமீற்றர்த் தலை இருக்கும். அதே தண்டுக்கு ஜேர்மானிய வண்டிகளில் 13 மில்லிமீற்றர்த் தலையே வழக்கம். தண்டு ஒன்று, தலை வேறு.

நம் நாட்டிலோ இச்சிக்கல் இன்னும் ஒருபடி கூடியது. இன்று வீதிகளில் நிறைந்திருப்பவை யப்பானிய வண்டிகள். அவற்றுக்கு 8, 10, 12, 14, 17, 19 ஆகிய மில்லிமீற்றர் அளவுகள் பெரும்பாலும் போதுமானவை. ஆனால் மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களைப் பேணி ஓட்டுவோரும் நம்மிடையே உளர். அவற்றிற் பெரும்பாலும் அங்குல அளவுகளே வரும். அதற்கும் முந்திய வண்டிகளில் விட்வேர்த் முறையைக் காணலாம். இங்கிலாந்தின் ஜோசப் விட்வேர்த் 1841இல் முன்வைத்த முறை அது. அம்முறைக் கருவியில் கால் அங்குலம் என்று பொறித்திருந்தால், அது தண்டின் பருமனையே குறிக்கும். அக்கருவியின் வாயோ அரை அங்குலத்திலும் சற்று அகன்றது. இதனை அறியாதவர் பெட்டியிலுள்ள எண்களைப் பார்த்துக் குழம்புவார்.

ஒரு முறைக்குரிய தலையில் வேறொரு முறையின் சொக்கெற் ஏறிவிடுவதுண்டு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். அதன்மேல் 13 மில்லிமீற்றர்ச் சொக்கெற் எளிதாக அமரும். இடைவெளி 0.3 மில்லிமீற்றர், நாம் எழுதும் தாள் மூன்றின் தடிப்பு அவ்வளவே. இலகுவான போல்ட் கழன்றுவிடும். துருவேறிய போல்ட்டின் மூலை போய்விடும். முக்கால் அங்குலமும் 19 மில்லிமீற்றரும் ஏறத்தாழ ஒன்றேயாதலால், ஒன்றுக்குப் பதில் மற்றதைப் பயன்படுத்தலாம். மற்றவற்றிற் பெரும்பாலானவற்றில் இத்துணிவு ஆகாது.

எம் பாடசாலை ஆசிரியர் ஒருவர் கருவிப் பெட்டியொன்று வாங்கியிருந்தார். அதில் நூறு துண்டுகளுக்கு மேல் இருந்தன. மாரிகால இரவொன்றில், காய்ச்சலுற்ற பிள்ளையைப் பின்னாசனத்திற் கிடத்திக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லும் வழியில் ரயர் காற்றுப் போயிற்று. அவருடைய காரின் சில்லு நட்டுக்களுக்கு வேண்டியது 21. பெட்டியில் அந்த ஒன்றுதான் இல்லை. 22ஐ மாட்டிப் பலங்கொண்டு மிதித்தார். இரண்டு நட்டுக்கள் உருண்டுபோயின. வழியே வந்த லொறிக்காரர் ஒருவர் பிள்ளையையும் தாயையும் ஏற்றிச் சென்றிராவிடில் என்னவாகியிருக்குமோ! நூறு துண்டுகள் இருந்தும் வேண்டிய ஒரு துண்டு இல்லாத பெட்டி வெறும் பாரமே.

எனவே வாங்கும்போது துண்டுகளின் தொகையைப் பாராதீர்கள். உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவுகளைப் பாருங்கள். சில்லு நட்டு டொயோட்டாக் கார்கள் பலவற்றில் 21 மில்லிமீற்றர். ஹொண்டா, சுசுக்கிக் கார்கள் பலவற்றில் 19. இவற்றுக்கு ஆழமான சொக்கெற்றே ஏற்றது. நட்டைத் தாண்டி நீளும் மரைத்தண்டு ஆழமற்ற குழலின் அடியில் முட்டக்கூடும். முட்டினால் நட்டை முழுதாகப் பிடிக்க முடியாது.

சொக்கெற்றின் உட்புறம் ஆறு மூலை உடையதாகவோ பன்னிரண்டு மூலை உடையதாகவோ இருக்கும். பன்னிரண்டு மூலையுள்ளது முப்பது பாகை திரும்பும்போதெல்லாம் தலையிற் பொருந்தும். ஒடுங்கிய இடத்துக்கு வசதியானது. ஆனால் உரமான பிடிப்புக்கு ஆறு மூலையுள்ளதே சிறந்தது. வீட்டுக்கு வாங்குவோர் அதனையே முதலிற் தெரிக.

சொக்கெற்றின் மறுபக்கத்தில், கைப்பிடி செருகும் சதுரத் துளை உண்டு. மில்லிமீற்றர்ப் பெட்டியிலும் இதன் அளவு அங்குலத்திலேயே கூறப்படும். கால் அங்குலம் சிறு வேலைக்கு. 3/8 அங்குலம் எஞ்சின் வேலைக்கு. அரை அங்குலம் சில்லு முதலிய பெரு வேலைக்கு. இறுகிய நட்டைக் கழற்ற முனைகையில், கிறுகிறு என ஒலித்துத் திரும்பும் றச்செற் பிடியை வருத்தாதீர்கள். அதன் உட்பற்கள் உடைந்துவிடும். நீண்ட தனித்தண்டே அதற்குரியது. மின்சாரத்தாலோ காற்றழுத்தத்தாலோ அடித்துச் சுழற்றும் பொறிக்குச் சாதாரணப் பளபளப்புச் சொக்கெற்றை மாட்டுவதும் தகாது. அது வெடித்துச் சிதறக்கூடும். அப்பொறிக்கென்றே கறுப்பு நிறத்தில் தனிச் சொக்கெற்றுகள் விற்கின்றார்கள்.

கழற்றுவது எவ்வளவு முக்கியமோ, பூட்டுவது அதனினும் முக்கியம். சில்லு நட்டைக் குறையப் பூட்டினால் ஓட்டத்திற் சில்லு தளரும். மிகையாகப் பூட்டினால் மரைத்தண்டு நீண்டு முறியும். எவ்வளவு இறுக்கவேண்டும் என்பது வண்டியின் கைநூலில் எழுதப்பட்டிருக்கும். டொயோட்டாச் சிறு கார்கள் பலவற்றுக்கு அது 103 நியூற்றன் மீற்றர். இறுக்கத்தை அளந்து காட்டும் பிடியொன்றை வைத்திருப்பது நன்று. நட்டுக்களை வரிசையாகப் பூட்டாமல், எதிரெதிராக மாறி மாறிப் பூட்டுக. சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்குக.

சொக்கெற்றை மாட்டுமுன் தலையிலுள்ள சேற்றையும் துருவையும் துடையுங்கள். அடிவரை அமர்கின்றதா என்று பாருங்கள். இருபுறமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அடுத்த சிறிய அளவைத் தேடுங்கள். கடதாசி சுற்றியோ சுத்தியலால் அடித்தோ பொருத்த முயலாதீர்கள்.

நேயர்களே, இச்சோதனையை இருட்டிலும் மழையிலும் செய்வதற்கு வைத்திராதீர்கள். நாளைப் பகலில், வண்டி முற்றத்தில் நிற்கும்போதே, சில்லு நட்டின் மேல் உங்கள் சொக்கெற்றை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். மேலதிகச் சில்லிற் காற்று இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.