வெள்ளையைத் தேடும் கேமரா

குண்டு பல்பின் கீழே வைத்த தாளும் நமக்கு வெள்ளையாகத்தான் தெரிகிறது. அதிலிருந்து கண்ணுக்கு வருவதோ ஆரஞ்சு சாயல் ஏறிய ஒளி. விளக்கின் நிறத்தைப் பெருமளவு கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை எடுத்துக்கொள்ளக் கண்ணுக்கும் மூளைக்கும் தெரியும். கேமராவோ அதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் ஒயிட் பேலன்ஸ்.

ஒளியின் சாயலைக் கெல்வினில் சொல்வார்கள். மெழுகுவத்தி ஏறத்தாழ 1900, குண்டு பல்பு 2700, நடுப்பகல் வெயில் 5500. எண் ஏற ஏற ஒளியில் நீலம் கூடும். ஃபிலிம் காலத்தில் வெயிலுக்கு ஒரு சுருள், டங்ஸ்டன் விளக்குக்கு வேறொரு சுருள்.

2011இல் விற்பனைக்கு வந்த ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100ஐ எடுத்துக்கொள்வோம். அதன் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் வெளிச்சத்தின் அளவை மட்டுமே அறியும். மேலே பதித்த சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளால்தான் நிறம் பிரிகிறது. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம்: கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஒயிட் பேலன்ஸ் செய்வதெல்லாம் பச்சையை அப்படியே வைத்து, சிவப்பையும் நீலத்தையும் தக்க எண்ணால் பெருக்குவதுதான்.

எக்ஸ்100 போன்ற விலை உயர்ந்த காம்பேக்ட் கேமராவின் அருமை தெரிவது இங்கேதான். குண்டு பல்பில் நீலம் மிகக் குறைவு. அதை நிறையப் பெருக்க வேண்டும். பெருக்கினால் கூடவே சொரசொரப்பும் பெருகும். எக்ஸ்100இன் சென்சார் பரப்பில் சாதாரணப் பாக்கெட் கேமராவினுடையதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அதிக ஒளி சேர்வதால் இரவு விருந்துப் படத்திலும் நிழல்கள் சுத்தமாக இருக்கும்.

எந்த எண்ணால் பெருக்குவது? காட்சியின் நிறங்களையெல்லாம் கலந்தால் சாம்பல் வரும் என்பது பழைய அனுமானம். பச்சை வயல் படம் முழுவதையும் நிரப்பினால் அது பொய்த்துவிடும். பச்சைக்கு ஈடாகச் சிவப்பையும் நீலத்தையும் கூட்டப்போய்ப் படத்தில் மெஜந்தா சாயல் ஏறும். இன்றைய ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது, ஆனாலும் ஏமாறும். அப்போது வெள்ளைத் தாளைக் காட்டிக் கஸ்டம் அளவு எடுப்பதே நல்லது.

சாயலை முழுக்கத் துடைப்பதும் சரியென்று நான் நினைக்கவில்லை. விளக்கொளியில் எடுத்த முகத்தில் கொஞ்சம் மஞ்சள் மிஞ்சத்தான் வேண்டும். பெருக்கல் முடிந்த பிறகு ப்ரோவியா, வெல்வியா, ஆஸ்டியா என்று ஃபியூஜிஃபிலிமின் பழைய ஃபிலிம்களின் குணத்தை எக்ஸ்100 நிறங்களில் ஏற்றுகிறது. வெல்வியா இலைகளுக்கு அழகு. முகத்துக்கு ஆஸ்டியாவே மேல்.

ஜன்னல் வெளிச்சமும் பல்பும் கலந்த அறையில் மட்டும் எந்தக் கேமராவும் திணறும். படம் முழுவதற்கும் பெரும்பாலும் ஒரே பெருக்கல் என்பதால் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் நீலமோ மஞ்சளோ ஆகும். சென்சார் பதிவை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தாலும் இது எளிதில் தீராது. பல்பை அணைத்துவிட்டு எடுங்கள்.