துப்பாக்கி வாங்கியாச்சு, துடைக்க என்ன வாங்கணும்?

பயிர் பாதுகாப்புக்கு உரிமம் எடுத்துத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் நம் இயக்கத்திலும் உண்டு. வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பூச்சியைக்கூடக் கொல்லாமல் விரட்டுகிறவன் கையில் துப்பாக்கியா என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற கூச்சம். ஆனால் கவுத்திமலை ஓரத்தில் நிலக்கடலை போட்டவனிடம் கேட்டால் தெரியும். காய் பிடிக்கிற மாசத்தில் பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போகும். நம்ம டிராக்டர்கூட அப்படி உழாது.

நான் இங்கே எழுத வந்தது பன்றியைப் பற்றி இல்லை. துப்பாக்கியை வாங்கி வந்தபின் என்ன செய்வது என்பது பற்றி. வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகம் இருப்பதால் உரிமத்துக்கு அலைகிற சுற்றுவட்டார விவசாயிகள் வழியில் என் வீட்டில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவது வழக்கம். போன மாதம் ஒருத்தர் புதுசாக வாங்கியதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "சார், உங்க பேங்க்ல காவலுக்குத் துப்பாக்கி வச்சிருந்தாங்களே, அதை என்னா போட்டுத் துடைப்பாங்க? நம்ம செக்கு எண்ணெய் போட்டா போதுமா?" நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் சட்டம், சுருக்கமாக. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு பயிர் பாதுகாப்புக்கு என்று தனியாகவே பேசுகிறது. வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வழவழப்பான தோட்டாத் துப்பாக்கிக்கும் தரலாம். ஊரில் எல்லாவற்றையும் 'ரைபிள்' என்றே சொல்கிறோம். ரைபிள் என்றால் குழலுக்குள் முறுக்குக் கோடு வெட்டியிருக்கும், இஷாப்பூர் தொழிற்சாலையின்.315 அந்த வகை. வயல்காட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் நாட்டுத் துப்பாக்கி, இல்லையென்றால் 12 போர். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 வருஷத்துக்கு.

உரிமம் இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுட்டுவிட முடியாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் சுடலாம், அதுவும் வனத்துறைப் பணியாளர்தான் சுட வேண்டும். மயில் முதல் அட்டவணை, நினைக்கவே வேண்டாம். ஆக நம் துப்பாக்கிக்கு வேலை பெரும்பாலும் சத்தம் போட்டு விரட்டுவது. வருஷத்துக்கு நாலைந்து வெடி. மீதி நாளெல்லாம் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற இரும்புக்குத்தான் பராமரிப்பு அதிகம் வேண்டும். மழைக்காலத்தில் மூலையில் போட்ட மண்வெட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வங்கியில் எங்கள் கிளைக் காவலர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் வீட்டுக்கு ஒரு ராணுவக்காரர் என்பது புதுசில்லை. கம்மவான்பேட்டையைக் கேட்டாலே தெரியும். அவரிடம் இருந்த சாமான் மொத்தமும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அடங்கும். அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன், கடையில் 'கிளீனிங் கிட்' என்று பெட்டி போட்டு விற்பதில் பாதி அலங்காரம். தேவையானது இவ்வளவுதான்: மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் ஒரு கம்பி, பித்தளையோ மரமோ. இரும்புக் கம்பி வேண்டாம், குழலின் வாயைக் கீறிவிடும். கம்பி முனையில் மாட்டப் பாஸ்பர் வெண்கல பிரஷ் ஒன்று, கம்பளி மாப் ஒன்று, துணி கோக்கும் காது ஒன்று. பழைய பனியன் துணி, இல்லை பிளானல் துணி. ராணுவக்காரர்கள் இதைச் 'சிந்தி' என்பார்கள். துப்பாக்கிக்கென்று விற்கும் கரைப்பான் ஒரு சின்ன பாட்டில், எண்ணெய் ஒரு சின்ன பாட்டில். பழைய பல் துலக்கும் பிரஷ். விசையைப் பூட்ட ஒரு பூட்டு. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் நாலு. மருந்து டப்பாவிலும் புது செருப்புப் பெட்டியிலும் வருவதைச் சேர்த்து வைத்தாலே ஆகும்.

பிரஷ் வாங்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள். 12 போர் என்றால் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். ஒரு பவுண்டு ஈயத்தில் சமமாக 12 உருண்டை உருட்டினால் ஓர் உருண்டை எவ்வளவு பெரிசோ அதுதான் கணக்கு. அதனால்தான் எண் கூடக் கூடத் துளை சின்னதாகிறது. .315க்கு 8 மில்லிமீட்டர் சுமார். அளவு தப்பினால் பிரஷ் சிக்கிக்கொள்ளும் அல்லது சும்மா உலாவிட்டு வரும்.

துடைக்கும் முன் காலியா என்று பார்க்க வேண்டும். தோட்டாத் துப்பாக்கியை மடித்துக் கண்ணாலும் பார்க்கணும், விரலை விட்டும் பார்க்கணும். நாட்டுத் துப்பாக்கியில் இது முடியாது, மருந்து உள்ளே அடியில் இருக்கும், மேலேயிருந்து தெரியாது. அதனால் வாங்கிய அன்றே காலிக் குழலில் கம்பியைக் கடைசி வரை விட்டு, வாய் விளிம்புக்கு நேராகக் கம்பியில் ஓர் அடையாளக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை கோடு வெளியே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கேப்பு மாட்டும் நிப்பிளில் கேப்பு இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். யாருடைய துப்பாக்கியாக இருந்தாலும், "காலிதான், நேத்துதான் பாத்தேன்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள்.

இரண்டு வகைக்கும் துடைக்கும் முறையே வேறு. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையாகப் போகாமல் கரியும் உப்புமாகக் குழலிலேயே தங்கும். அந்த உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி சுட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் வாய் ஓரம் செம்மண் நிறம் வந்திருக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் நாட்டுத் துப்பாக்கிக்குக் கரைப்பானைவிடச் சுடுதண்ணீரும் சோப்பும் மேல். நிப்பிளைக் கழற்றிவிட்டுக் குழலில் கொதிக்கிற தண்ணீரை விட்டுத் துணியால் மேலும் கீழும் இழுத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை செய்யணும். தண்ணீர் நல்ல சூடாக இருந்தால் குழலும் சூடேறித் தானாகவே உலரும். காய்ந்த துணி விட்டு ஈரத்தை எடுத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய்த் துணி. சுட்ட அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

12 போருக்கு வேறு. மடித்துக் குழலைக் கழற்றி, தோட்டா போடும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் நோக்கித் தள்ளணும். எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் அழுக்கெல்லாம் பொறிப் பகுதிக்குள் வந்து சேரும். கரைப்பான் நனைத்த துணி ஒரு முறை, பத்து நிமிஷம் விட்டு பிரஷ், பிறகு துணி வெள்ளையாக வரும்வரை. கடைசியில் மாப்பில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய், போதும். எங்கள் காவலர் மண்ணெண்ணெயில்தான் துடைப்பார். அழுக்கு போகும், ஆனால் அது ஆவியாகிவிட்டால் இரும்புக்குக் காவல் இல்லை, மேலே எண்ணெய் பூசியே ஆகணும். உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் இரண்டையும் பக்கத்திலேயே கொண்டு வராதீர்கள். குழலின் கருநீல மெருகு போனால் துரு நுழைய வாசல் திறந்த மாதிரி.

இனி செக்கு எண்ணெய்க் கேள்வி. நமக்கு எல்லாவற்றுக்கும் நம்ம எண்ணெய் போதும் என்று ஒரு பிடிவாதம். எனக்கும் உண்டு, ஆனால் இதில் ஒத்து வராது. தாவர எண்ணெய் நாளாக ஆகக் காற்றோடு சேர்ந்து பிசுக்காகும். சமையலறை எண்ணெய்த் தூக்கின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். அந்தப் பிசுக்கு விசைக்குள் போனால் குதிரை ஒட்டும், தூசி சேரும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்தே போகும். இரும்புக்குக் கனிம எண்ணெய்தான். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காத இடத்தில் தையல் இயந்திர எண்ணெய் சமாளிக்கும். ஆனால் மரக்கட்டைக்கு நேர் எதிர். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகுகிற குணம்தான் அங்கே வேண்டியது, மெல்லிசாகத் தடவி உள்ளங்கையால் தேய்த்துவிட்டால் மரம் மழையைத் தாங்கும். அந்தத் துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் குணம் அதற்கு உண்டு. விரித்துக் காயவைத்து அப்புறம் எறியுங்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். குடகில் செப்டம்பரில் கைல்போத் என்று துப்பாக்கிக்கே திருவிழா உண்டு. வைக்கலாம், மரக்கட்டையில் வையுங்கள். ஈரச் சந்தனத்தைக் குழலில் அப்பிவிட்டு ஒரு வாரம் கழித்துத் துடைத்தால் பொட்டு போகும், தழும்பு இருக்கும்.

நம் மாதிரி ஆட்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று ஈயம். தோட்டாவில் இருக்கிற ரவை ஈயம்; துடைக்கும் துணியில் ஒட்டுவதும் ஈயம்தான். ஈயம் மட்காது. டென்மார்க்கில் 1996இலேயே ஈய ரவையைத் தடை செய்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியிலிருந்து ஈரநிலங்களில் தடை வைத்திருக்கிறது, காரணம் பறவைகள் அதைக் கல் என்று நினைத்துப் பொறுக்கித் தின்று சாகின்றன. யூரியா மூட்டையை வரப்பைத் தாண்ட விடாத நாம் துடைத்த துணியை எருக்குழியில் போடலாமா? கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடலாமா? துணியை ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். கழுவும் தண்ணீர் கிணற்றுக்கும் பாத்திக்கும் தூரமாகப் போகட்டும். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துடைக்காதீர்கள். விரட்டுவதற்கு ரவை இல்லாத வெற்று வெடியே போதும் என்பது என் அபிப்பிராயம்.

வைக்கும்போது தோட்டா ஒரு பூட்டு, துப்பாக்கி ஒரு பூட்டு. பல மாதம் வைப்பதானால் வாய் கீழாக நிறுத்துங்கள். மேலாக வைத்தால் எண்ணெய் இறங்கி மரக்கட்டையை ஊறவைத்துவிடும். தோல் உறை கடையிலிருந்து கொண்டு வர அழகு, ஆனால் அதற்குள்ளேயே மாசக்கணக்கில் வைத்தால் ஈரம் பிடிக்கும்.

கடைசியாகத் தேர்தல். தேதி அறிவித்ததும் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024இல் மார்ச் 16 அறிவிப்பு, நடத்தை விதி விலகியது ஜூன் 6. கிட்டத்தட்ட 12 வாரம். ஒரு குவியலில் சாத்திவைத்த துப்பாக்கி துருப்பிடித்துத் திரும்புவது பழைய புலம்பல். யாரும் உங்களுக்காகத் துடைத்து வைக்கப் போவதில்லை. கொடுப்பதற்கு முந்தின நாள் முழுதாகத் துடைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் பூசி, எண்ணெய்த் துணியில் சுற்றி, பெயரும் உரிம எண்ணும் எழுதிய அட்டை கட்டிக் கொடுங்கள். குழல் வாயில் சிவப்புத் துணி ஒன்று, பாதி வெளியே தெரிகிற மாதிரி. இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டும். அடைப்போடு சுட்டால் குழல் வெடித்துக் கையைக் கொண்டுபோகும்.

ரசீதில் துப்பாக்கி எண்ணோடு அதன் நிலையையும் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கியதும் துணியை எடுத்துவிட்டு, காலியா என்று பார்த்து, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடக்குத் துப்பாக்கியில் வெளிச்சம் வட்டமாகத் தெரியணும். நாட்டுத் துப்பாக்கியில் கம்பியின் கோடு பழைய இடத்தில் நிற்கணும். சுடுவதற்கு முன் காய்ந்த துணி ஒரு முறை விட்டு மிச்ச எண்ணெயை எடுத்துவிடுங்கள்.