ரத்தம் சொன்ன ரகசியம்

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூர் பக்கத்தில் உள்ளது அயப்பாக்கம். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது.

2020-ம் ஆண்டு கொரோனா பரவியது. பரிசோதனையில் சிக்கியவர்களின் கணக்கு தெரிந்தது. சிக்காதவர்கள் எத்தனை பேர்?

அதை அறிய, இந்த நிறுவனம் முன்நின்று ஒரு ரத்த ஆய்வு நடத்தியது.

நோய்க்கிருமி உடம்பில் நுழைந்தால், அதை எதிர்க்கும் பொருள் ரத்தத்தில் உண்டாகும். நோய் போன பிறகும் சில காலம் அது இருக்கும். காய்ச்சலே வராதவர்களிடமும் அதைக் காணலாம்.

வீட்டுக்கு ஒருவர்

மே, ஜூன் மாதங்களில் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். வீட்டுக்கு ஒருவர், மாவட்டத்துக்கு 400 பேர். 70 மாவட்டங்களில் 28 ஆயிரம் பேர் ரத்தம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருவண்ணாமலை மாவட்டங்கள் இதில் சேர்ந்தன.

முடிவு என்ன?

எதிர்ப்புப் பொருள் இருந்தவர்கள் 100-க்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் நாடு பெரியது அல்லவா? மே மாதத் தொடக்கத்திலேயே சுமார் 64 லட்சம் பேரை நோய் தொட்டிருக்கும் என்று கணக்கிட்டார்கள்!

40 கோடிப் பேர்

2021 ஜூன், ஜூலையில் 4-வது ஆய்வு நடந்தது. 6 வயதுக்கு மேற்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரிடம் எதிர்ப்புப் பொருள் இருந்தது. சிலருக்கு அது நோயால் வந்தது. சிலருக்குத் தடுப்பு ஊசியால் வந்தது.

"இனிப் பயம் இல்லை" என்று பலர் நினைத்தார்கள்.

டாக்டர்கள் அப்படிச் சொல்லவில்லை. மீதி 40 கோடிப் பேருக்கு இன்னும் ஆபத்து உண்டு, கூட்டம் சேராதீர்கள் என்று எச்சரித்தார்கள்.

ரத்தம் கொடுத்தவர்கள் நோயாளிகள் அல்ல. ஊசிக்குக் கை நீட்டிய சாதாரண மக்கள். அவர்களால்தான் நாட்டுக்கு இந்தக் கணக்குத் தெரிந்தது.