பேசுவதற்குக் காசா?

மனநல ஆலோசகர் ஒருவர் சொந்தமாக அறை எடுத்து உட்கார்ந்தால், நம்மவர்களிடமிருந்து முதலில் வரும் கேள்வி இதுதான்: "பேசுறதுக்கா காசு?" பல் பிடுங்கக் கொடுக்கிறோம். ஜாதகம் பார்க்கத் தட்டில் வைக்கிறோம். ஆனால் ஒரு மணி நேரம் மனம் விட்டுப் பேச 150 வெள்ளி என்றால் நெற்றி சுருங்குகிறது. "வீட்டில் அம்மா இல்லையா, சித்தி இல்லையா, அவர்களிடம் பேச முடியாதா?" என்கிறோம்.

தேவை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023இல் அது 4.6 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேர். தன் வேதனையைத் தமிழிலேயே சொல்ல விரும்புகிறவர்களும் அவர்களில் உண்டு. "மனசு சரியில்லை" என்பதை வேறு மொழியில் சொல்லும்போது பாதி பொருள் போய்விடுகிறது.

ஆகவே ஆலோசனைத் துறையில் பட்டம் பெற்ற நம் இளைஞர்கள் தனியாகத் தொழில் தொடங்க நினைப்பது நல்ல செய்தி. ஆனால் அந்த அறை நிலைக்குமா என்பதை முடிவு செய்வது திறமை மட்டும் அல்ல. கட்டணத்தையும் இரகசியத்தையும் அவர் எவ்வளவு உறுதியாக வைத்திருக்கிறார் என்பதும்தான்.

யார் பலகை மாட்டலாம்?

மலேசியாவில் "ஆலோசகர்" என்ற பெயரை யாரும் நினைத்தபடி போட்டுக்கொள்ள முடியாது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், அதாவது சட்டம் 580, அதற்கு வரம்பு வைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட ஆலோசனைப் பட்டம் பெற்று, மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழ் இயங்கும் ஆலோசகர் வாரியத்தில் பதிந்து, தொழில் நடத்தும் சான்றிதழும் பெற வேண்டும். பதிவு இருந்தால் மட்டும் போதாது. அந்தச் சான்றிதழையும் காலக்கெடு தவறாமல் புதுப்பிக்க வேண்டும்.

மருத்துவ உளவியலாளர் வேறு. அவர் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்முறைச் சட்டத்தின் கீழ் வருகிறார். மருந்து எழுதித் தரக்கூடிய மனநல மருத்துவர் இன்னொருவர். இந்த மூவருக்கும் உள்ள வேறுபாட்டை ஆலோசகரே முதல் சந்திப்பில் சொல்லிவிட வேண்டும். மருந்து தேவைப்படும் ஒருவரைத் தன் அறையிலேயே மாதக்கணக்கில் வைத்திருப்பது சேவை ஆகாது. எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பதைக் கதவு திறப்பதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மற்றவை தாள் வேலைகள். ஒற்றை உரிமையாளர் வணிகமாக எஸ்.எஸ்.எம்.மில் பதிவது வழக்கம். சொந்தப் பெயர் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் என்றால் 60 வெள்ளி. இடத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் உரிமம் வேண்டுமா என்பதை நகராண்மைக் கழகத்தில் கேட்க வேண்டும். வாடிக்கையாளரின் மனநலக் குறிப்புகள் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதிகக் கவனத்தோடு காக்க வேண்டிய தகவல்கள். பூட்டில்லாத மேசை இழுப்பறையும், குடும்பமே பயன்படுத்தும் மடிக்கணினியும் அவற்றுக்கு உரிய இடங்கள் அல்ல.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஓர் எடுத்துக்காட்டு. சந்திப்புக்கு 150 வெள்ளி, வாரத்துக்கு 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் மிச்சம் பத்து. நான்கு வாரங்களுக்கு 6,000 வெள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது செலவு. வாடகையும் மின்சாரமும் 1,500. மூத்த ஆலோசகரின் மேற்பார்வைக்கும் பயிற்சிக்கும் 500. தொழில் காப்புறுதி, தொலைபேசி, இணையம் 300. சம்பளக்காரருக்கு முதலாளி கட்டுவதை இங்கே தானே கட்ட வேண்டும் என்பதால் இ.பி.எஃப்., சொக்சோ பங்குக்கு 700. மீதி 3,000. காய்ச்சல் வந்தால் சம்பளம் கிடையாது. தீபாவளி வாரத்தில் வருமானம் கிடையாது.

கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு முப்பது பேரைப் பார்க்கலாமே என்று தோன்றும். முடியாது. ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும் குறிப்பு எழுத வேண்டும், யோசிக்க வேண்டும், மூச்சு விட வேண்டும். களைத்த காதுக்கு முக்கியமான ஒரு வாக்கியம் தப்பிவிடும். அந்த வாக்கியம் ஓர் உயிராகவும் இருக்கலாம்.

முதல் ஆறு மாதங்களில் பத்து பேர் வருவதே அரிது. அதனால் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை உடனே விடாமல், முதலாளியின் அனுமதியோடு, சனிக்கிழமைகளில் மணிக்கணக்கு வாடகை அறையில் தொடங்குவது புத்திசாலித்தனம். ஆறு மாதக் குடும்பச் செலவு கையிருப்பில் இருக்க வேண்டும்.

"பாவம், அவரிடம் எப்படிக் கேட்பது" என்று கட்டணத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டே போகும் ஆலோசகர் ஒருநாள் அறையைக் காலி செய்வார். அப்போது நடுவழியில் நிற்பது அவர் மட்டும் அல்ல, அவரை நம்பி மனதைத் திறந்தவர்களும்தான். வசதி இல்லாதவர்களுக்கு என்று வாரத்தில் இரண்டு குறைந்த கட்டண இடங்களை ஒதுக்கி வைப்பது நல்லது. ஆளுக்கு ஆள் பேரம் பேசுவது கூடாது. அந்த இரண்டு இடமும் நிரம்பிவிட்டால், எல்.பி.பி.கே.என். ஆலோசனைச் சேவை, சுகாதார அமைச்சின் மென்தாரி சமூக மனநல மையங்கள் என்று வேறு வழி காட்டலாம்.

வருவோருக்கும் ஒரு செய்தி. பதிவு பெற்ற ஆலோசகரிடம் பெறும் மனநல ஆலோசனைக்கான செலவை, முழு உடல் பரிசோதனைக்கான 1,000 வெள்ளி வருமான வரி விலக்கின் கீழ் சேர்த்துக்கொள்ள 2022 மதிப்பீட்டு ஆண்டு முதல் இடம் உண்டு. ரசீதில் ஆலோசகரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்

கிள்ளானிலோ ஈப்போவிலோ சுங்கைப் பட்டாணியிலோ நாம் மூன்று கேள்வி கேட்டால் யாரும் யாருக்காவது சொந்தமாகிவிடுவார்கள். அதுதான் இந்தத் தொழிலின் பெரிய சோதனை. "அந்தப் பொண்ணு உன்கிட்ட வர்றாளாமே, என்ன பிரச்சினை?" என்று அத்தை கல்யாண வீட்டில் கேட்பார். "வர்றாங்க" என்பதும் தவறு. "வரல" என்பதும் தவறு. இன்று வரவில்லை என்று சொன்னால், நாளை வருகிறவரைப் பற்றி மௌனமாக இருக்கும்போது அந்த மௌனமே பதிலாகிவிடும். "யார் வர்றாங்க, யார் வரலன்னு நான் யாருக்கும் சொல்றது இல்ல அத்தை." எப்போதும் இந்த ஒரே பதில்தான்.

சொந்தக்காரரையும் நெருங்கிய நண்பரையும் வாடிக்கையாளராக எடுக்கக் கூடாது. கோயிலில் எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதை முதல் சந்திப்பிலேயே பேசிவிடலாம்: "நானாக வந்து பேச மாட்டேன். நீங்கள் பேசினால் நானும் பேசுவேன்."

பத்தொன்பது வயது மகனுக்கு அப்பா கட்டணம் கட்டுகிறார். மூன்றாவது வாரம் அழைத்து, "என்ன சொன்னான்?" என்கிறார். நம் நாட்டில் 18 வயது நிறைந்தால் ஒருவர் வயது வந்தவர். பணம் அப்பாவுடையதாக இருக்கலாம், பேசிய வார்த்தை மகனுடையது. அப்பாவின் கவலையும் உண்மையானதுதான். அதனால் தொடக்கத்திலேயே மூவரும் உட்கார்ந்து, எது சொல்லப்படும், எது சொல்லப்படாது என்று எழுதிக் கையெழுத்திடுவது பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும்.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு. தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் ஆலோசகர் வாய் திறந்தாக வேண்டும். இதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நள்ளிரவில் அழைப்பு வந்தால்

தனி ஆளாக நடத்தும் அறை 24 மணி நேர மருத்துவமனை ஆகாது. வாட்ஸ்அப்பில் எந்த நேரம் வரை பதில் வரும், அதற்குப் பிறகு யாரை அழைப்பது என்பதை அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 எண்ணில் இரவும் பகலும் கேட்கிறது. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. உடனடி ஆபத்து என்றால் 999.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. போலீஸ் வழக்கு வந்துவிடுமே என்று உதவி தேடத் தயங்கிய குடும்பங்கள் இனி அப்படிப் பயப்பட வேண்டியதில்லை. இதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் கடமையும் நம் ஆலோசகர்களுக்கு இருக்கிறது.

உங்கள் மகளோ மருமகனோ இப்படியொரு அறை தொடங்கப் போவதாகச் சொன்னால், "எத்தனை பேர் வர்றாங்க?" என்று கேட்காதீர்கள். "உனக்கு மேற்பார்வை யார்? ஆறு மாதத்துக்குக் கையில் பணம் இருக்கா?" என்று கேளுங்கள். பிறகு, அங்கே யார் வந்து போகிறார்கள் என்று ஒருபோதும் கேட்காமல் இருங்கள்.