வெடியில்லாத காலத்தில் மலையைக் குடைந்தவர்கள்

எகிப்தில் நைல் ஆற்றின் மேற்குக் கரையில், லக்சர் நகருக்கு எதிரே, மன்னர்களின் பள்ளத்தாக்கு இருக்கிறது. சுண்ணாம்புப் பாறை மலைகளைக் குடைந்து, ஏறத்தாழ 500 ஆண்டுகள் அந்நாட்டு அரசர்களை அங்கே அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறைச் சுவர்களில் தமிழர் ஒருவர் தம் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் கீறி வைத்திருக்கிறார். பெயர் சிகை கொற்றன். 5 கல்லறைகளில் 8 இடங்களில் அந்தப் பெயர் இருக்கிறது. வந்து கண்டதாகவும் எழுதியிருக்கிறார்.

பிரான்சின் ஷார்லோத் ஷ்மித், சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இங்கோ ஸ்ட்ரௌக் ஆகிய இரு ஆய்வாளர்களும் 2024, 2025 ஆண்டுகளில் அந்தச் சுவர்களை ஆராய்ந்து, தமிழ், பிராகிருதம், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளில் இந்தியர் எழுதிய ஏறத்தாழ 30 கீறல்களைப் பதிவு செய்தார்கள். கிரேக்கரும் ரோமானியரும் அதே சுவர்களில் கீறியவை 2,000க்கும் மேல். அவற்றை ஜூல் பாயே என்ற பிரெஞ்சு அறிஞர் 1926இலேயே தொகுத்து வெளியிட்டிருந்தார். கொற்றன் போன கி.பி. முதல் நூற்றாண்டுகளில் அந்தக் கல்லறைகளுக்கு ஆயிரம் வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கே அது ஒரு சுற்றுலாத் தலம்.

அவர் எப்படிப் போயிருப்பார் என்பது புதிர் இல்லை. செங்கடல் கரையில் பெரெனிகே என்ற துறைமுகத்தில், கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றிலிருந்து 7.5 கிலோ மிளகு கிடைத்தது. பெரெனிகேயிலும் அதற்கு வடக்கே குசெயிர் அல் காதிமிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. துறைமுகத்தில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனத்தைக் கடந்து நைல் கரையில் உள்ள கொப்டோசுக்குப் போகும். அங்கிருந்து மன்னர்களின் பள்ளத்தாக்கு அதிகத் தொலைவில் இல்லை. வாடைக்காற்றில் வந்த கப்பல் தென்மேற்குப் பருவக்காற்று எழும்வரை ஊர் திரும்ப முடியாது. காத்திருந்த மாதங்களில் வணிகர்கள் ஊர் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

கொற்றன் பார்த்து வியந்த கைத்தொழில், சில நூற்றாண்டுகள் கழித்து, நம் விருதுநகர் மாவட்டத்துப் பாறைகளிலும் நடந்தது. திருத்தங்கல், செவல்பட்டி, மூவரைவென்றான் ஆகிய ஊர்களில் இருக்கும் பாண்டியர் காலக் குடைவரைகளைத்தான் சொல்கிறேன். எகிப்துக்குச் சீட்டு எடுத்துப் போக வசதியுள்ளவர்கள் போகட்டும். போகாதவர்களும் அந்தத் தொழிலின் சூட்சுமத்தைச் சிவகாசியிலிருந்து ஒரு நாள் பயணத்தில் கற்றுக்கொள்ளலாம். என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கழித்துக் கழித்து ஒரு கட்டடம்

கட்டுமானத்தில் கல்லின் மேல் கல் ஏறும். ஒரு கல் பிசகினால் எடுத்துவிட்டு வேறு கல் வைக்கலாம். குடைவரையில் அந்த வசதி கிடையாது. நுங்கைக் கண் கண்ணாகத் தோண்டி எடுப்பதுபோல, எடுத்தது எடுத்ததுதான், திரும்ப ஒட்டாது. ஆகவே தூண் எங்கே நிற்க வேண்டும், கருவறை எங்கே தொடங்க வேண்டும், வாயிற்காவலர் உருவம் எவ்வளவு புடைத்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் முதல் உளி விழுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இதன் உச்சத்தைப் பாண்டியர் குடைவரைகளில் காணலாம். பல்லவர் குடைவரைகளில் கருவறைத் தெய்வத்தைத் தனியாகச் செய்து கொண்டுவந்து வைத்த இடங்கள் பல. பாண்டிய நாட்டிலோ லிங்கத்தையே தாய்ப்பாறையில் செதுக்குவது பெருவழக்கு. பிள்ளையார்பட்டி அதற்குப் புகழ்பெற்ற சான்று. அந்தச் சிற்பியின் நிலையை எண்ணிப் பாருங்கள். பாறைக்குள் இருட்டில் ஓர் அறையைக் குடைந்துகொண்டே போகிறார். அறையின் நடுவில், ஆவுடையாருக்கும் பாணத்துக்கும் வேண்டிய அளவு பாறையை மட்டும் தொடாமல் விட வேண்டும். அதைச் சுற்றி ஆள் நடக்க இடமும் வேண்டும். ஓர் அடி கூடுதலாக வெட்டிவிட்டால் அந்தக் கருவறைக்கு லிங்கமே இல்லை.

எகிப்தியர் வைத்த கணக்கு

மன்னர்களின் பள்ளத்தாக்கில் வேலை செய்தவர்கள் தெய்ர் எல் மதீனா என்ற சிற்றூரில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். வலப்பக்கக் குழு, இடப்பக்கக் குழு என்று இரண்டாகப் பிரிந்து கல்லறையின் இரு பக்கச் சுவர்களையும் ஒரே நேரத்தில் வெட்டினார்கள். பத்து நாள் ஒரு வாரம். செம்பு, வெண்கல உளிகள் அரசின் சொத்து. எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், எடை பார்த்துத்தான் திரும்ப வாங்குவார்கள். உள்ளே எரிக்கும் விளக்குத் திரிகளுக்கும் கணக்கு இருந்தது. அந்தக் கணக்குகளை எழுதிய ஓட்டுச் சில்லுகளும் கல் சில்லுகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

கூலி தானியமாக வந்தது. மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157இல், அந்தத் தானியம் வரவில்லை. தொழிலாளர்கள் உளியைக் கீழே போட்டுவிட்டுக் கோயில் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான உலகின் மிகப் பழைய வேலைநிறுத்தம் இதுதான். அதைப் பதிவு செய்த பாப்பிரசுச் சுவடி இத்தாலியின் துரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வேலை எப்படி நடந்தது என்பதை ஓரெம்எப் என்ற அரசரின் கல்லறை காட்டித் தருகிறது. 1908இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்லறையின் அடக்க அறை முடிவடையாமல் நின்றுபோனது. ஒரு சுவரில் சிவப்பு மையால் போட்ட முதல் கோடு. அதன் மேல் தலைமை ஓவியர் கறுப்பு மையால் போட்ட திருத்தம். வேறோர் இடத்தில் பாதி செதுக்கிய உருவம். இன்னோர் இடத்தில் செதுக்கி முடித்து வண்ணத்துக்குக் காத்திருக்கும் உருவம். ஒரு தொழிலின் எல்லாப் படிகளும் ஒரே அறையில் தெரிகின்றன.

நம் கடும்பாறையும் இரும்பு உளியும்

சுண்ணாம்புப் பாறை மென்மையானது. செம்பு உளிக்கே இணங்கும். கடும்பாறை என்று வந்தபோது எகிப்தியரும் வேறு வழி தேடினார்கள். அசுவான் கருங்கல் குவாரியில் டோலரைட் என்ற கடினமான கல் உருண்டைகளால் பாறையை இடித்து இடித்துப் பொடியாக்கினார்கள். அங்கே ஏறத்தாழ 42 மீட்டர் நீளமும், முடிந்திருந்தால் ஆயிரம் டன்னுக்கு மேல் எடையும் இருந்திருக்கக்கூடிய ஒரு கல்தூண், விரிசல் விட்டதால் பாறையோடு பாறையாகக் கைவிடப்பட்டுக் கிடக்கிறது.

நம் குன்றுகளில் இருப்பதும் கடும்பாறைதான். ஆனால் பாண்டியர் காலச் சிற்பிகளிடம் இரும்பு உளி இருந்தது. கடும்பாறையில் கூர்முனை உளி சீக்கிரம் மழுங்கும். அதனால் சிற்பி வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே கொல்லன் உலை எரிய வேண்டும். மழுங்கிய உளியைக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, தண்ணீரில் தோய்த்து மறுபடி உறுதியேற்ற வேண்டும். குடைவரையில் கல் வேலை பாதி என்றால் இரும்பு வேலை பாதி.

வேலை இப்படி நடக்கும். முதலில் விரிசல் ஓடாத பாறை முகத்தைத் தேர்வு செய்வார்கள். தட்டிப் பார்த்து எழும் ஓசையே கல்லின் தரத்தைச் சொல்லிவிடும். முகத்தைச் சமன் செய்து கோடு போடுவார்கள். அந்தப் பரப்பைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, சதுரங்களுக்கு இடையே ஆழமான காடி வெட்டுவார்கள். நான்கு பக்கமும் காடி விழுந்த சதுரம் பிடிமானம் இழந்து நிற்கும். அதை அடித்துப் பெயர்த்துவிடுவார்கள். அடுத்த அடுக்கில் மறுபடி கோடு, மறுபடி காடி. இதை யாரும் கற்பனையாகச் சொல்லவில்லை. மாமல்லபுரத்தில் முடிவடையாத குடைவரைகளில் இந்தச் சதுரங்கள் வரிசையாக இன்றும் அப்படியே நிற்கின்றன.

உயரமான பகுதியை முதலில் முடித்துக் கீழே இறங்குவது முறை. கூரை முதலில், தரை கடைசியில். தூண்கள் நிற்க வேண்டிய இடத்தில் பாறையைக் கனமாக விட்டு, பிறகு மெலிதாக்குவார்கள். அடியும் தலையும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே போதிகை என்பது அக்காலத் தூணின் பொது வடிவம். கூர்முனை உளி பாறையில் புள்ளி புள்ளியாகக் குழி விடும். அதன் மேல் பட்டை உளி ஓடினால் குழிகள் மறைந்து பரப்பு சமமாகும். கடைசியில் சுதை பூசி வண்ணம் தீட்டியதும் உண்டு. சித்தன்னவாசலிலும் திருமலாபுரத்திலும் அந்த ஓவியங்களின் எச்சத்தைக் காணலாம்.

இன்றைய கல்குவாரியில் துளை போட்டு, மருந்து திணித்துத் திரி வைத்தால் நொடியில் பாறை பிளக்கும். மருந்தின் குணம் சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: அதன் விசை நாலாபக்கமும் பாயும். பாறையின் உள்ளுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஓடும். அப்படிப் பிளந்த பாறையில் மெல்லிய தூணோ முகமோ செதுக்க முடியாது. உளியின் அடி சிற்பி நினைத்த இடத்தில் மட்டும் விழும். அதற்கு அப்பால் பாறை முழுசாக இருக்கும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்தும் அந்தக் கூரைகள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிவகாசியிலிருந்து ஒரு நாள்

முதலில் திருத்தங்கல். 2021இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த ஊர்; 108 திவ்விய தேசங்களில் ஒன்றான நின்ற நாராயணப் பெருமாள் கோயில் இங்கே குன்றின் மேல் இருக்கிறது. அதே குன்றில் பள்ளிகொண்ட பெருமாளுக்கு ஒரு குடைவரை உண்டு. சுற்றிலும் பிற்காலக் கட்டுமானங்கள் சேர்ந்திருப்பதால், எது குடைந்தது, எது கட்டியது என்று பிரித்துப் பார்ப்பதே இங்கே முதல் பயிற்சி. கல் இணைப்புக் கோடு தெரிந்தால் கட்டியது. கோடே இல்லாமல் சுவரும் கூரையும் ஒன்றாக ஓடினால் குடைந்தது.

மாவட்டத்தின் தென்பகுதியில் இருக்கும் செவல்பட்டியில் பாறை முகத்தில் வெட்டிய முன்மண்டபத்தையும் புடைப்புச் சிற்பங்களையும் காணலாம். ஶ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே மூவரைவென்றானில் மலைக்கொழுந்தீசுவரர் குடைவரை. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு சமவெளியில் தனியே நிற்கும் குன்று அது. விரிசல் இல்லாத ஒற்றைப் பாறையைச் சிற்பிகள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அங்கே போய் நின்றால் புரியும்.

மாவட்ட எல்லையைத் தாண்டி, கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலைக்கும் அவசியம் போக வேண்டும். 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெட்டுவான் கோயில், குன்றின் பாறையில் அகழிபோல் வெட்டி, நடுவில் நின்ற பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய ஒற்றைக்கல் தளி. விமானத்தின் உச்சி நகை வேலைபோல் முடிந்திருக்கிறது. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி அங்கேதான் அமர்ந்திருக்கிறார். கீழே இறங்க இறங்க உருவங்கள் கரடாகி, அடிப்பகுதி வெறும் பாறையாகவே நின்றுவிடுகிறது. ஓரெம்எப்பின் கல்லறை எகிப்தில் சொல்லித் தரும் பாடத்தை நம் பக்கத்தில் சொல்லித் தருவது வெட்டுவான் கோயில்தான்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

டார்ச் விளக்கு ஒன்றை எடுத்துப் போங்கள். நேராக அடித்தால் சுவர் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வோர் உளித்தடமும் நிழல் விட்டு எழும். காலை இளவெயிலும் மாலை வெயிலும் இதே வேலையைச் செய்யும். கருவறை வழிபாட்டில் இருந்தால் விளக்கையும் கேமராவையும் பைக்குள் வைத்துவிட வேண்டும். எந்தச் சிற்பத்திலும் கை படக் கூடாது.

சுவரில் பெயர் எழுதுவது இன்று எகிப்திலும் குற்றம், இந்தியாவிலும் குற்றம். கொற்றன் காலத்தில் அதற்குத் தடை இல்லை. அவர் கீறியது இன்று வரலாற்றுச் சான்று. இன்று ஒருவர் கீறினால் அது அந்தச் சான்றை அழிக்கும் வேலை. கீறாவிட்டாலும் மக்கள் கூட்டத்தின் வியர்வையும் மூச்சுக்காற்றும் ஓவியத்தைக் கெடுக்கின்றன என்பதற்காகவே, அதே பள்ளத்தாக்கில் உள்ள துட்டன்காமுன் என்ற அரசரின் கல்லறைக்கு அச்சு அசலாக ஒரு நகல் செய்து 2014இல் லக்சரில் திறந்தார்கள்.

நம் ஊர்க் குடைவரைகளுக்கு வரும் கேடு வேறு வகை. திருப்பணி என்ற பெயரில் சுவருக்கு எனாமல் பெயின்ட் அடிப்பது, தரையில் டைல்ஸ் பதிப்பது, மணலை வேகமாக வீசிக் கல்லைச் சுத்தம் செய்வது எல்லாம் பக்தியோடுதான் நடக்கின்றன. ஆனால் மணல் வீச்சில் கல்லின் மேல்தோல் உரிந்துவிடும்; அதோடு உளித்தடமும் கல்வெட்டு எழுத்தும் போய்விடும். பழைய கல்லுக்குத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும்; அதற்கு மேல் வேண்டுமென்றால் தொல்லியல் துறையின் ஆலோசனையைக் கேட்க வேண்டும்.

எகிப்தில் ஒரு கல்லறையைப் பார்க்கப் போனால் வழிகாட்டி வாசலிலேயே நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது, எப்படிச் செய்தார்கள் என்று விளக்கிய பிறகே அனுப்புவார். திருத்தங்கலுக்கும் செவல்பட்டிக்கும் மூவரைவென்றானுக்கும் அப்படி விளக்கிச் சொல்லப் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் வேண்டும். மாவட்ட நிர்வாகமும் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் சேர்ந்தால் இதைச் செய்துவிடலாம். அதுவரை ஆசிரியர்கள் அந்தப் பொறுப்பை ஏற்கலாம்: அடுத்த பள்ளிச் சுற்றுலாவில் ஒரு நாளை இந்தக் குன்றுகளுக்கு ஒதுக்கி, மாணவர்களைத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, எந்தத் தடம் கூர்முனை உளியுடையது, எது பட்டை உளியுடையது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.